கேள்வி – பதில்: தலைப்பின் வால் வெட்டுப்படுகிறதே!

இணையத்தில் செய்தி, வீடியோ, விற்பனைப் பதிவு போடுகிறவர்களிடம் தலைப்பு பற்றிய சந்தேகங்களைக் கேட்டிருந்தோம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். விலை, நீர்வரத்து என்று வரும் எண்கள் மாதிரிக்காக மட்டும்.

தக்காளி மண்டி விலையைத் தினமும் பதிவிடுகிறேன். தலைப்பு 60 எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். எண்ணிப் பார்த்துத்தான் போடுகிறேன். அப்படியும் செல்போனில் பாதியில் வெட்டுப்படுகிறது. ஏன்?
*வாசகர், பாலக்கோடு*

60 என்பது ஆங்கிலத்துக்குச் சொன்ன கணக்கு. அதுவும் தோராயம்தான். கூகுள் தேடலில் எழுத்துக்கு என்று வரம்பு கிடையாது. திரையின் அகலத்துக்குக் கொள்கிற வரை காட்டிவிட்டு மீதியை நறுக்கிவிடும். கம்ப்யூட்டரில் அந்த அகலம் ஏறக்குறைய 600 பிக்சல். நம்முடைய 'ணை', 'ஞ', 'கொ' எல்லாம் காலை நீட்டி உட்காருகிற எழுத்துகள். ஆங்கிலத்தில் 60 எழுத்து அடங்கும் இடத்தில் இவை அத்தனை அடங்காது.

இன்னொரு குழப்பமும் உண்டு. நீங்கள் கையால் எண்ணுவதும் மென்பொருள் எண்ணுவதும் ஒன்றல்ல. 'தக்காளி' நமக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறியீடு: த, க, புள்ளி, க, கால், ள, கொக்கி. 'கிருஷ்ணகிரி' நமக்கு ஆறு, கணினிக்குப் பதினொன்று. யூடியூபில் தலைப்புக்கு 100 எழுத்து இடம் இருக்கிறது என்று எழுதப் போய் 60-வது எழுத்திலேயே பெட்டி நிரம்பிவிடுவது இதனால்தான்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு வரிசையைப் பாருங்கள். ஆங்கிலத் தலைப்பில் வினைச்சொல் முன்பாதியிலேயே வந்துவிடும். தமிழில் அது கடைசியில் நிற்கும். வால் வெட்டுப்பட்டால் நமக்குப் போவது செய்தியின் உயிர். உதாரணத்துக்கு இது:

'பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்கு வெளிமாநில வியாபாரிகள் வருகை குறைந்ததால் விலை கடும் வீழ்ச்சி'

செல்போனில் 'வெளிமாநில வியாபாரிகள்' என்பதோடு நின்றால், விலை ஏறியதா இறங்கியதா என்றே தெரியாது. அதையே இப்படித் திருப்பலாம்:

'தக்காளி கிலோ ரூ.8 ஆகச் சரிவு: பாலக்கோட்டில் வெளிமாநில வியாபாரிகள் வரவில்லை'

எங்கே வெட்டினாலும் பொருள், விலை, திசை மூன்றும் பிழைத்துவிடுகின்றன. முக்காற்புள்ளிக்கு முன்னால் நடந்தது, பின்னால் காரணம். சந்தை, வானிலை, அணை, தேர்வு முடிவு என்று நாள்தோறும் வருகிற செய்திகளுக்கு இந்த அமைப்பே போதும். எழுதியதும் உங்கள் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி, நான்காவது சொல்லுக்குப் பின் இருப்பதை விரலால் மறைத்துப் படியுங்கள். அதற்குள் எதைப் பற்றிய செய்தி என்று தெரியவில்லை என்றால் வரிசை தப்பு.

'தருமபுரி' என்று எழுதுவதா, 'தர்மபுரி' என்றா? 'ஓசூர்' சரியா, 'ஒசூர்' சரியா? கூகுளில் எது எடுபடும்?
*வாசகி, ஓசூர்*

அரசு ஆவணங்களில் 'தருமபுரி'. பேச்சிலும் தேடலிலும் 'தர்மபுரி' நிறைய. கூகுள் பெரும்பாலும் இரண்டையும் ஓர் ஊராகவே புரிந்துகொள்ளும். ஆனால் எல்லாத் தேடலிலும் அப்படி நம்ப முடியாது. தலைப்பில் ஒன்றை நிலையாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை முதல் பத்தியில் இயல்பாக ஒருமுறை கொண்டுவாருங்கள். தலைப்பிலேயே இரண்டையும் திணித்தால் பார்க்க அசிங்கமாக இருக்கும். 'ஓசூர்', 'ஒசூர்' விஷயத்திலும் இதே வழிதான்.

எதை அதிகம் தேடுகிறார்கள் என்பதை கூகுள் ட்ரெண்ட்ஸில் இரு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, இடத்தைத் தமிழ்நாடு என்று வைத்துப் பார்க்கலாம். உங்கள் தளத்துக்கே உரிய விடை, தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில், 'வினவல்கள்' பட்டியலில் கிடைக்கும். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறவர்கள் எவ்வளவு பேர் என்பதும் அங்கே தெரியும். அவர்களுக்காகத் தலைப்பை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டாம். பக்கத்தின் முகவரியை ஆங்கில எழுத்தில் வைத்தால் போதும். முகவரியைத் தமிழில் வைத்தால் வேறொரு தொல்லையும் உண்டு. நகல் எடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிந்துவிடும். 'கிருஷ்ணகிரி' என்ற ஒரே சொல் 99 எழுத்து நீள விழுக்காட்டுக் குறிக் குவியலாகிவிடும். அதைப் பார்க்கிற யாரும் ஏதோ மோசடி இணைப்பு என்றுதான் நினைப்பார்கள்.

'யானை தாக்கிய விவசாயி பலி' என்று போட்டேன். 'விவசாயி எதற்கு யானையைத் தாக்கினார்?' என்று கமெண்டில் கேலி செய்கிறார்கள். இதில் என்ன தப்பு?
*வாசகர், தேன்கனிக்கோட்டை*

கேலி செய்தவர்களிடம் நியாயம் இருக்கிறது. 'நாய் கடித்த சிறுவன்' என்றால் கடித்தது நாய். 'சோறு தின்ற சிறுவன்' என்றால் தின்றது சிறுவன். இரண்டுக்கும் அமைப்பு ஒன்றுதான். தமிழ்ப் பெயரெச்சம் செய்தவர் யார், பட்டவர் யார் என்று காட்டாது; படிப்பவர்தான் உலக அனுபவத்தை வைத்து ஊகிக்கிறார். யானை செய்தியில் அந்த ஊகம் கைகொடுத்துவிடும். 'போலீஸ் தாக்கிய வாலிபர் கைது' என்று போட்டுப் பாருங்கள். அடித்தது யார்? இது கேலியோடு போகாது, வக்கீல் நோட்டீஸில் கொண்டுபோய் விடும்.

திருத்தத்துக்கு இரண்டு வழி. பெயரெச்சத்தை வினையெச்சமாக்குவது ஒன்று: 'யானை தாக்கி விவசாயி உயிரிழப்பு'. வெட்டிய 'ஐ' உருபை மீண்டும் சேர்ப்பது இன்னொன்று: 'போலீஸைத் தாக்கிய வாலிபர் கைது'. இடத்தை மிச்சம் பிடிக்க முதலில் 'ஐ'-யைத்தான் வெட்டுகிறோம், கோளாறும் அங்கேதான் முளைக்கிறது. உருபு சேர்ந்தால் பின்னால் வல்லினம் மிகும் என்பதால் 'போலீஸைத் தாக்கிய' என்று ஒற்றும் போடுங்கள்.

'பலி' பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறோம். சுருக்கமான சொல் என்பதால் பழைய அச்சுத் தலைப்புகளில் ஊறிவிட்டது. பலி என்பது படைப்பது. இறந்தவரின் வீட்டாரும் உங்கள் பக்கத்தைப் பார்ப்பார்கள். 'உயிரிழப்பு' நாலு பிக்சல் கூடுதலாக இடம் எடுத்தால் எடுக்கட்டும். யானைக்கு 'அட்டகாசம்', 'வெறிச்செயல்' என்று பட்டம் கட்டுவதையும் விடலாம். 'ராகிக் காட்டில் 4 யானைகள்: அஞ்செட்டி சாலையில் இரவுப் பயணம் தவிர்க்க வனத்துறை அறிவுறுத்தல்' என்பது இரவில் பைக் எடுக்கப்போகிறவருக்குப் பயன்படும்.

அணை நீர்மட்டம், ஒகேனக்கல் நீர்வரத்துச் செய்திகளுக்கு நல்ல தலைப்பு எப்படி?
*வாசகர், பென்னாகரம்*

எண்ணைத் தனியாக விடாதீர்கள். 'அணை நீர்மட்டம் 50 அடி' என்றால் என்ன அர்த்தம்? மேட்டூரின் முழு அளவு 120 அடி; அங்கே 50 என்றால் தட்டுப்பாடு. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் முழு அளவு 52 அடி. இங்கே 50 என்றால் தென்பெண்ணைக் கரையில் இருப்பவர்கள் மாட்டை அவிழ்த்துக் கட்ட வேண்டிய நேரம். ஓசூர் கெலவரப்பள்ளி 44.28 அடி. ஆகவே 'கே.ஆர்.பி. அணை 50/52 அடி: தென்பெண்ணைக் கரையோரம் எச்சரிக்கை' என்று முழு அளவையும் சேர்த்துக் கொடுங்கள்.

ஒகேனக்கல்லுக்கு வேறு கணக்கு. பிலிகுண்டுலுவில் அளக்கிற நீர்வரத்து விநாடிக்கு இத்தனை கன அடி. உள்ளூர்க்காரருக்கு அந்த எண் பேசும். பெங்களூருவிலிருந்தோ சேலத்திலிருந்தோ குடும்பத்தோடு கிளம்புகிறவருக்குத் தெரிய வேண்டியது குளிக்கலாமா, பரிசல் ஓடுகிறதா என்பதுதான். 'ஒகேனக்கல்லில் குளிக்க, பரிசலுக்குத் தடை: நீர்வரத்து 30,000 கன அடி' என்று தடையை முன்னால் வையுங்கள். தடை நீங்கியதும் புதிய செய்தி போட்டால் மட்டும் போதாது. பழையது தேடலில் மேலேயே இருக்கும். அதன் தலைப்பைத் திறந்து 'தடை நீங்கியது' என்று மாற்றியே ஆக வேண்டும். 'இன்று', 'நேற்று' என்று எழுதினால் அந்தத் தலைப்பு மறுநாளே பொய்யாகிவிடும். தேதியைப் போடுங்கள். தினமும் ஒரே முகவரியில் புதுப்பிக்கிற பக்கத்துக்கு மட்டும் 'இன்று' பொருந்தும், அதுவும் மறக்காமல் புதுப்பித்தால்.

'அதிர்ச்சி', 'பகீர்', 'பரபரப்பு' போட்டால்தானே ஆள் வருகிறது?
*வாசகர், ஊத்தங்கரை*

எல்லாப் பதிவிலும் போட்டால் எதற்கு அதிர வேண்டும் என்று ஆளுக்குத் தெரியாமல் போகும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். செய்தி நின்றால் சொல் தேவையில்லை. நிற்காவிட்டால் அது செய்தியே இல்லை.

மா விவசாயம் பற்றி யூடியூப் சேனல் வைத்திருக்கிறேன். 'இதை மட்டும் செய்தால் போதும்!' மாதிரித் தலைப்புகளுக்கு முதலில் நல்ல கூட்டம் வந்தது. இப்போது யூடியூபே வீடியோவைக் காட்டுவதில்லை. ஏன்?
*வாசகர், காவேரிப்பட்டணம்*

தலைப்பைப் பார்த்துச் சொடுக்குகிறவர் எத்தனை பேர், சொடுக்கியவர் எவ்வளவு நேரம் இருக்கிறார் என்ற இரண்டையும் சேர்த்துத்தான் யூடியூப் பார்க்கிறது. முதலாவதற்கு அது வெளியிட்டுள்ள கணக்கு ஒன்று உண்டு: பாதிச் சேனல்களுக்குச் சொடுக்கு விகிதம் 2 முதல் 10% வரை. உங்களுடையது 9% இருந்தும் முப்பதாவது விநாடியில் வரைபடம் செங்குத்தாக விழுந்தால், தலைப்பு கூப்பிட்டதை உள்ளே பரிமாறவில்லை என்று பொருள். ஸ்டுடியோவில் 'பார்வையாளர் தக்கவைப்பு' வரைபடத்தைத் திறந்து முதல் 30 விநாடியை மட்டும் பாருங்கள். பேஸ்புக் 2016-லேயே விஷயத்தை மறைத்து இழுக்கிற தலைப்புகளைக் கீழே தள்ளத் தொடங்கியது. அடுத்த ஆண்டு 'மறைப்பது', 'மிகைப்படுத்துவது' என்று இரண்டாகப் பிரித்தே பார்த்தது. 'இதை' என்ற சுட்டுச்சொல் முதல் வகைக்கு அப்படியே பொருந்தும்.

நல்ல தலைப்பு வீடியோவுக்குள்ளேயே கிடக்கும், வெளியே தேட வேண்டாம். தை, மாசியில் மா பூ உதிர்வது பற்றி ஒரு வீடியோ எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிற விவசாயியின் கேள்வி, 'மருந்து எது?' என்பதற்கும் முன்னால், 'எனக்கு வந்திருப்பது எது?' என்பது. தத்துப்பூச்சி என்றால் இலை பிசுபிசுக்கும், பிறகு கரும்பூசணம் படியும். சாம்பல் நோய் என்றால் பூங்கொத்துக் காம்பில் வெள்ளை மாவு தூவினது போல இருக்கும். அப்படியானால் தலைப்பு:

'மா பூ உதிர்கிறதா? பிசுபிசுப்பு என்றால் பூச்சி, வெள்ளை மாவு என்றால் நோய்'

பாதி விடையைத் தலைப்பிலேயே கொடுத்துவிட்டோமே, யார் பார்ப்பார்கள் என்று தோன்றும். தோட்டத்தில் வெள்ளை மாவைப் பார்த்துவிட்டு வந்தவர்தான் பார்ப்பார், கடைசி வரை பார்ப்பார். அடுத்து என்ன தெளிப்பது, எந்தப் பருவத்தில் என்பது உள்ளேதானே இருக்கிறது.

சிறுபடத்தில் (தம்ப்நெயில்) தலைப்பையே மறுபடி எழுதாதீர்கள். அங்கே வெள்ளை படிந்த பூங்கொத்தின் அண்மைப் படம், மூன்று சொல். யூடியூபின் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியில் மூன்று வடிவம் வரை போடலாம். வெற்றி பெற்றதைச் சொடுக்கு எண்ணிக்கையை வைத்து அது அறிவிப்பதில்லை, பார்த்த நேரத்தின் பங்கை வைத்து அறிவிக்கிறது. ஒரு நாளில் முடிவு தேட வேண்டாம். பார்வை குறைவான சேனலில் முடிவு 'தெளிவில்லை' என்று வருவதும் சகஜம்.

டி.டி.பி. சென்டரில் அடித்த பழைய செய்திகளை இணையத்தில் ஏற்றினோம். கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது. கூகுளில் தேடினால் ஒன்றும் வருவதில்லை.
*வாசகர், அரூர்*

பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது நுழைகிற களை இது. அடிக்கடி வருபவை: 'எ' இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான '௭', 'அ'-வுக்குப் பதில் எட்டான '௮', 'க'-வுக்குப் பதில் ஒன்றான '௧'. துணைக்காலுக்குப் பதில் 'ர' வந்து 'மாவட்டம்' என்பது 'மரவட்டம்' ஆகியிருக்கும். 'ஔ' என்பதை 'ஒ', 'ள' என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடுபொறிக்கு வேறு சொல்.

சோதனை எளிது. பக்கத்தைத் திறந்து, கண்ட்ரோல் எஃப் அழுத்தி, தலைப்பில் உள்ள சொல்லை நீங்களே புதிதாகத் தட்டச்சு செய்து தேடுங்கள். கண்ணெதிரே இருக்கிற சொல்லை அது கண்டுபிடிக்காவிட்டால் களை இருக்கிறது. எல்லாக் கட்டுரையையும் திருத்த ஆள் இல்லை என்றால், தலைப்பையும் முதல் பத்தியையும் மட்டுமாவது கையால் புதிதாக அடித்துவிடுங்கள்.

தலைப்பில் தப்பு வந்து உடனே திருத்தினேன். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் இன்னும் பழைய தலைப்பே வருகிறது.
*வாசகி, கிருஷ்ணகிரி*

ஒரு பக்கத்துக்குத் தலைப்பு மூன்று இடத்தில் இருக்கிறது. படிப்பவர் உள்ளே பார்ப்பது எச்-1. கூகுளுக்கு என்று டைட்டில் டேக். வாட்ஸ்அப், பேஸ்புக் முன்னோட்டத்துக்கு ஓ.ஜி. டைட்டில். நீங்கள் திருத்தியது முதலாவதை மட்டும் என்று நினைக்கிறோம். வேர்ட்பிரஸில் யோஸ்ட், ரேங்க் மேத் போன்ற செருகியில் 'சோஷியல்' பகுதியைத் திறந்து அங்கேயும் மாற்றுங்கள். பிறகு பேஸ்புக்கின் ஷேரிங் டிபக்கரில் முகவரியைக் கொடுத்து மீண்டும் படிக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே போய்விட்ட செய்தி மாறாது; அது போனது போனதுதான். தலைப்போடு சேர்த்து முகவரியையும் மாற்றிவிடாதீர்கள். பகிரப்பட்ட இணைப்பெல்லாம் செத்துவிடும். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குக் கொண்டுபோய் விடும் 301 திருப்பிவிடுதல் போடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கூகுள் தன் இஷ்டத்துக்கு வேறு தலைப்பைக் காட்டலாம். 2021 ஆகஸ்டிலிருந்து பக்கத்தில் உள்ள மற்ற எழுத்துகளையும் அது கூடுதலாகப் பயன்படுத்துகிறது. டைட்டில் டேக்கும் எச்-1-ம் ஒத்துப்போனால் அந்தத் தலையீடு குறையும்.

குழந்தைத் திருமணம், போக்சோ வழக்குச் செய்திகளில் பெயரைப் போடுவதில்லை. அது போதும்தானே?
*உள்ளூர்ச் செய்தித் தளம் நடத்துபவர், தருமபுரி*

போதாது. போக்சோ சட்டம், 2012-ன் 23-வது பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, அக்கம்பக்கம், அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்தத் தகவலானாலும் கூடாது என்கிறது. ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். எழுதியவரோடு ஊடகத்தின் உரிமையாளரும் பொறுப்பு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்ட பெரியவர்களின் அடையாளத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு. இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும்.

'கிராமத்தின் பெயர் + 9-ம் வகுப்பு மாணவி' என்று தலைப்பில் வந்தாலே அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இருநூறு வீடுள்ள ஊரில் ஒன்பதாவது படிக்கிற பெண் பிள்ளைகள் எத்தனை பேர் இருப்பார்கள்? 'மகளுக்குத் தொல்லை: தந்தை கைது' என்று போட்டுவிட்டு உள்ளே தந்தையின் பெயரைக் கொடுத்தால் மகளின் பெயரைக் கொடுத்ததாகவே ஆகும். குற்றவாளி உறவினர் என்றால் அவர் பெயரும் வேண்டாம். 'பென்னாகரம் அருகே' என்பதைக்கூட 'தருமபுரி மாவட்டத்தில்' என்று விரித்துவிடுங்கள். 'சிறுமியுடன் காதல் திருமணம்' என்ற தலைப்பும் தப்பு. 18 வயதுக்குக் கீழே என்றால் அது குழந்தைத் திருமணம், அப்படியே எழுதுங்கள்.

தற்கொலைச் செய்திக்கும் இதே கவனம். எப்படி, எதைக் கொண்டு, எந்த இடத்தில் என்பது தலைப்பில் வரக்கூடாது. 'தேர்வில் தோல்வி: மாணவி தற்கொலை' என்று ஒற்றைக் காரணத்தை ஒட்டுவதும் கூடாது. செய்தியின் முடிவில் 104 உதவி எண்ணைச் சேருங்கள்.

தோட்டத்து மாம்பழத்தை ஆன்லைனில் விற்கிறோம். '100% இயற்கை, சுவையான கிருஷ்ணகிரி மாம்பழம்' என்று போடுகிறோம். கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள்.
*வாசகி, பர்கூர்*

அந்தக் கேள்விகள்தான் உங்கள் தலைப்பு. வாட்ஸ்அப்பில் கடைசி முப்பது விசாரணைகளை எடுத்து எழுதிப் பாருங்கள். என்ன ரகம், பெட்டி எத்தனை கிலோ, கல்லு (கார்பைடு) வைத்துப் பழுக்க வைத்ததா, எப்போது வரும் என்பதாகத்தான் இருக்கும். அதையே வரிசையாக வையுங்கள்: 'அல்போன்சா 5 கிலோ பெட்டி, கார்பைடு இல்லை, மே 2-வது வாரம் அனுப்புகிறோம்'. 'கிருஷ்ணகிரி' கடைசியில் வரட்டும். 'சுவையான' என்பதை வெட்டிவிடுங்கள், புளிக்கும் என்று போட்டு விற்பவர் யாரும் இல்லை.

'100% இயற்கை' ஆபத்தான சொல். கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. எத்திலீன் வாயுவை 100 பி.பி.எம். (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை அனுமதிக்கின்றன. எத்திலீன் அறையில் வைத்தீர்கள் என்றால் 'இயற்கையாகப் பழுத்தது' என்று சொல்ல முடியாது. 'எத்திலீனில் பழுக்க வைத்தது' என்று நேராகப் போடுங்கள். வைக்கோலில் வைத்தீர்கள் என்றால் 'வைக்கோலில் பழுத்தது' என்று போடுங்கள்.

பெங்களூரா ரகத்தை மட்டும் தனிப் பதிவாக வையுங்கள். மாங்கூழ் ஆலைக்குப் போகிற ரகம் என்பதால் அதைத் தேடுகிறவர் டன் கணக்கில் கேட்பார். அவருக்கான தலைப்பில் ரகம், டன் விலை, தோட்டம் இருக்கும் ஊர், அறுவடைத் தேதி நான்கும் இருக்கட்டும்.